வீட்டு சுவிட்ச் மோடத்துடன் இணையவில்லையா?

மோடத்தில் கணினியை நேராக இணைத்தால் இணையம் வருகிறது. நடுவே சுவிட்ச் வைத்தால் வருவதில்லை. உடனே சுவிட்ச் பழுது என்று முடிவு செய்து, புதிதாக வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம்.

முதலில் சுவிட்சில் கேபிள் செருகிய இடத்து விளக்கைப் பார்ப்போம். எரியாவிட்டால் கேபிளையும் போர்ட்டையும் மாற்றிப் பார்க்க வேண்டும்.

விளக்கு எரிந்தும் இணையம் இல்லையென்றால், கணினியின் ஐபி முகவரியைப் பார்ப்போம். அது 169.254 என்று தொடங்கினால், முகவரி கிடைக்கவில்லை என்று பொருள். சாதாரண சுவிட்ச் முகவரி வழங்காது. அது ரவுட்டரின் வேலை. ரவுட்டர் வசதி இல்லாத மோடம் பெரும்பாலும் ஒரே ஒரு கருவிக்குத்தான் இணைப்புத் தரும்.

ஆகவே மோடம், அடுத்து ரவுட்டர், அதன் பிறகு சுவிட்ச் என்பதே சரியான வரிசை. மோடத்திலேயே ரவுட்டர் இருந்தால் தனியாக வாங்கத் தேவையில்லை. இணைப்பை மாற்றிய பின் மோடத்தை அணைத்து, ஒரு நிமிடம் கழித்து இயக்குவோம்.