சில டிகிரி முன்னாடி

வண்டி கம்பெனியே வேணும்னு புல்லிங்கைக் குறைச்சுக் கொடுக்குமா? கொடுத்தது.

1989-ல் அமெரிக்காவின் டாட்ஜ் பிக்அப்பில் கம்மின்ஸ் 5.9 லிட்டர் டீசல் இன்ஜின் வந்தது. 1994-ல் அதில் பாஷ் பி7100 பம்ப். அதன் கியரைத் தளர்த்தி, டைமிங்கைச் சில டிகிரி முன்னால் நகர்த்தி இறுக்கினால் போதும்: டீசல் சீக்கிரமே எரியும், புல்லிங் கூடும்.

ஆனா சிலிண்டருக்குள் சூடும் அழுத்தமும் ஏறும். அளவு மீறினால் ஹெட் கேஸ்கெட் போகும். நைட்ரஜன் ஆக்சைடும் பெருகும். புகைச் சட்டம் அதைத்தான் கட்டுப்படுத்தியது. அதனால்தான் கம்பெனி டைமிங்கைப் பின்னால் வைத்தது.

1998-ல் அந்த வேலை எலெக்ட்ரானிக் பம்புக்குப் போனது. ஸ்பேனர் போய் லேப்டாப் வந்தது; ஆசை மட்டும் போகலை. பத்து வருஷத்தில் 5,50,000-க்கும் மேற்பட்ட டீசல் பிக்அப்களில் புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகளைக் கழற்றிட்டாங்கன்னு 2020-ல் இபிஏ கணக்குச் சொன்னது. புல்லிங் ஓட்டுறவருக்கு, புகை ஊருக்கே.