பெயரில்லாத வாரண்டு

சுதந்திரம் என்னும் சொல் இன்று எல்லோருடைய நாவிலும் வழங்குகின்றது. மேடையில் பேசுவோரும் அதைச் சொல்கின்றனர். ஆட்சி புரிவோரும் அதையே சொல்கின்றனர். ஆயினும், தனி மனிதன் ஒருவனுடைய சுதந்திரம் எங்கே தொடங்குகின்றது, சர்க்காரின் அதிகாரம் எங்கே முடிகின்றது என்று கேட்டால், தெளிவாக விடை கூறுவோர் மிகச் சிலரே. அறிஞர் பலர் இதைப் பற்றிப் பெரிய நூல்கள் எழுதியிருக்கின்றனர். எனினும், நூல்களைக் காட்டிலும் ஒரு வழக்கின் வரலாறு இவ்விஷயத்தை நன்கு விளக்கும் என்பது நமது கருத்து. ஆகவே, 1763ஆம் ஆண்டில் லண்டன் மாநகரில் ஒரு வாரப் பத்திரிகையைப் பற்றி எழுந்த வழக்கை நம் வாசகர்களின் முன் வைக்கின்றோம்.

நாற்பத்தைந்தாம் இதழ்

அப்பொழுது இங்கிலாந்தை ஆண்டவர் மூன்றாம் ஜார்ஜ் மன்னர். ஏழாண்டு யுத்தம் முடிந்து, 1763 பிப்ரவரியில் பாரிஸ் நகரில் சமாதான உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அவ்வுடன்படிக்கையைப் புகழ்ந்து, ஏப்ரல் 19ஆம் தேதி மன்னரின் பிரசங்கம் பார்லிமெண்டில் படிக்கப்பட்டது. நான்கு நாட்கள் கழித்து, ஏப்ரல் 23ஆம் தேதி, 'நார்த் பிரிட்டன்' என்ற பத்திரிகையின் நாற்பத்தைந்தாம் இதழ் வெளிவந்தது. மன்னர் வாயில் வைக்கப்பட்ட சொற்கள் மந்திரிகளுடைய சொற்களே என்றும், அவை உண்மைக்கு மாறானவை என்றும் அவ்விதழ் கண்டித்து எழுதிற்று. எழுதியவர் ஜான் வில்க்ஸ் என்னும் பார்லிமெண்டு அங்கத்தினர். ஆயினும் கட்டுரையில் அவர் பெயர் இல்லை.

சர்க்காருக்குக் கோபம் பொங்கிற்று. ராஜாங்க மந்திரியான ஹாலிபாக்ஸ் பிரபு ஏப்ரல் 26ஆம் தேதி ஒரு வாரண்டு பிறப்பித்தார். அப்பத்திரிகையை எழுதியவர், அச்சிட்டவர், வெளியிட்டவர் எல்லோரையும் தேடிப் பிடித்து, அவர்களுடைய காகிதங்களோடு கொண்டு வருக என்பதே கட்டளை. யாரைப் பிடிப்பது? அந்த ஆணையில் ஒருவர் பெயரும் இல்லை. எந்த வீட்டைச் சோதிப்பது? அதுவும் இல்லை. யார் மீது சந்தேகம் கொள்வது என்பதை ஆணையைக் கையில் கொண்ட சேவகர்களே தீர்மானித்துக்கொள்ளலாம். இதற்குப் 'பொது வாரண்டு' என்று பெயர்.

சேவகர்கள் புறப்பட்டனர். சில நாட்களுக்குள் சுமார் ஐம்பது பேர் பிடிபட்டனர். டிரைடன் லீச் என்ற அச்சுக்கூடக்காரரை நள்ளிரவில் படுக்கையிலிருந்து எழுப்பிக் கொண்டுபோயினர்; அவருடைய வேலையாட்களையும் பிடித்தனர். பிறகுதான் அந்த நாற்பத்தைந்தாம் இதழை அவர் அச்சிடவே இல்லை என்று தெரிந்தது! ஏப்ரல் 30ஆம் தேதி வில்க்ஸும் கைதாகி, டவர் சிறைக்கோட்டைக்கு அனுப்பப்பட்டார். அவருடைய வீட்டில் பெட்டிகளும் மேஜைகளும் திறக்கப்பட்டு, காகிதங்கள் சாக்கில் திணிக்கப்பட்டன.

ஒரு தொழிலாளியின் வழக்கு

பார்லிமெண்டு அங்கத்தினருக்கு உரிய பாதுகாப்பைக் காட்டி, வில்க்ஸ் ஒரு வாரத்துக்குள் விடுதலை பெற்றார். அவர் பிரபலஸ்தர். அவருக்காகக் கூடிக் கோஷம் செய்யப் பெருங்கூட்டம் இருந்தது. ஆனால் நம் உள்ளத்தைக் கவர்வது வேறொருவருடைய வழக்கே. அச்சுக்கூடத்தில் வாரக் கூலிக்கு வேலை செய்த வில்லியம் ஹக்கெல் என்பவர், தம்மைப் பிடித்து வைத்திருந்த சேவகர் மீது வழக்குத் தொடுத்தார். அவருடைய கூலி வாரத்துக்கு ஒரு கினி. அதாவது இருபத்தொரு ஷில்லிங். அவர் காவலில் இருந்தது சுமார் ஆறு மணி நேரமே. அடியும் இல்லை, உதையும் இல்லை. மாட்டிறைச்சியும் பீரும் கொடுத்து மரியாதையாகவே நடத்தினர்.

அப்படியிருந்தும் ஜூரிகள் அவருக்கு 300 பவுன் நஷ்டஈடு விதித்தனர். அத்தொகை அவருடைய ஐந்து வருஷக் கூலிக்கும் மேற்பட்டது! இது மிகையான தொகை, குறைக்க வேண்டும் என்று சர்க்கார் தரப்பில் வாதாடினர். பிரதம நீதிபதி சார்லஸ் பிராட் மறுத்துவிட்டார். அந்த மனிதனுக்கு உடம்பில் பட்ட துன்பம் சொற்பமாக இருக்கலாம். அவன் உலகத்தில் எளிய நிலையில் உள்ளவனாகவும் இருக்கலாம். ஆனால் ஜூரிகள் கண்டது ஒரு நாட்டு மக்களின் சுதந்திரத்தின் மீது ஏறி மிதித்த அதிகாரத்தை என்பது அவர் கருத்து.

தோழர்களே! இதைச் சற்று எண்ணிப் பாருங்கள். நல்ல சாப்பாடு போட்டார்களே, அடிக்கவில்லையே, பிறகு என்ன குறை என்று நம்மில் எத்தனை பேர் கேட்போம்? துரை நல்லவர், தண்டல் நல்லவர், அதிகாரி நல்லவர் என்று மனத்தைத் தேற்றிக்கொள்வது நமக்கு நெடுநாளைய பழக்கம். அதிகாரம் செலுத்துவோன் நல்லவனா கெட்டவனா என்பதன்று கேள்வி. அவனுக்கு அந்த அதிகாரம் உண்டா என்பதே கேள்வி. அச்சுக்கூடத் தொழிலாளி ஒருவர் இக்கேள்வியைக் கேட்டார். நீதி ஸ்தலம் அதற்குச் செவி கொடுத்தது.

வழக்கம் சட்டமாகாது

இதற்கு முன்னரே, 1762 நவம்பரில், ஜான் எண்டிக் என்ற எழுத்தாளரின் வீட்டுக்குள் அதே ஹாலிபாக்ஸ் பிரபுவின் சேவகர் நால்வர் புகுந்து, நான்கு மணி நேரம் சோதித்து, அவருடைய காகிதங்களை அள்ளிச் சென்றிருந்தனர். இந்த வாரண்டில் எண்டிக்கின் பெயர் இருந்தது. ஆனால் எந்தக் காகிதம் என்ற வரையறை இல்லை. எல்லாவற்றையும் எடுக்கலாம் என்றிருந்தது. எண்டிக்கும் வழக்குத் தொடுத்தார். 1765இல் தீர்ப்பு வந்தது. கூறியவர் அதே நீதிபதிதான்; அவர் அதற்குள் காம்டன் பிரபு ஆகியிருந்தார்.

சர்க்கார் தரப்பு வாதங்கள் இரண்டு. ஒன்று, இத்தகைய வாரண்டுகள் பல்லாண்டுகளாக வழங்கி வருகின்றன, ஒருவரும் ஆட்சேபித்ததில்லை என்பது. மற்றொன்று, ராஜ்யத்தின் க்ஷேமத்துக்கு இவை அவசியம் என்பது. காம்டன் பிரபு இரண்டையும் தள்ளினார். அச்சுக்கூடங்களைக் கட்டுப்படுத்திய பழைய சட்டம் 1662இல் பிறந்து, 1695இல் மாண்டுபோயிற்று. சட்டம் மாண்ட பின்னும் அதன் பழக்கம் மட்டும் உயிரோடிருந்தது. ஆட்சேபம் எழாமற் போனதற்குக் காரணம், பிடிபட்டவர்கள் ஏழைகளாகவும் பயந்தவர்களாகவும் இருந்ததே அன்றி, அது நியாயம் என்பதன்று. அதிகாரம் உண்டென்று சொல்வோர் அதைச் சட்டத்தில் எடுத்துக் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் அது இல்லை. அவசியம் என்ற ஒரு சொல் சட்டமாகிவிடாது. இதுவே தீர்ப்பின் சாரம். எண்டிக்குக்கு 300 பவுன் கிடைத்தது. 1766இல் காமன்ஸ் சபையும் பொது வாரண்டுகளைக் கண்டித்துத் தீர்மானம் செய்தது. பெயரும் இடமும் குறிக்காத வாரண்டு கூடாது என்பதை அமெரிக்கர் 1791இல் தங்கள் அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்தனர்.

நெடுநாளைய வழக்கம் என்பதாலேயே ஒன்று நியாயமாகிவிடாது என்ற இந்த உண்மை சீர்திருத்தக்காரருக்குப் புதியதன்று. கோயில் வாசலிலும் கிணற்றடியிலும் சாதியின் பேரால் நிறுத்தப்பட்ட நம் மக்களுக்கு முன்னோர் வழக்கம் என்பதைத் தவிர வேறு என்ன காரணம் காட்டினர்? ஏன் என்று கேட்கத் துணிந்த நாளிலன்றோ அவ்வழக்கம் ஆட்டங் கண்டது? சமூகத்திடம் கேட்ட அதே கேள்வியைச் சர்க்காரிடமும் கேட்க வேண்டும் என்பதே நாம் கூற வருவது.

குறைகளும் உண்டு

வில்க்ஸை உத்தமர் என்று நாம் புகழவில்லை. அவர் சிற்றின்பப் பிரியர், கடன்காரர், ஆபாசச் செய்யுளுக்காகவும் தண்டனை பெற்றவர். 1768இல் சிறை புகுந்தார்; மிடில்செக்ஸ் வாக்காளர்கள் அவரைத் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்தும், சபை அவரை ஏற்க மறுத்தது. எனினும் 1774இல் அவர் லண்டன் நகரத் தலைவரானார். இத்தகைய ஒருவருக்காகவா இவ்வளவு போராட்டம் என்று கேட்கலாம். ஆம், அவருக்காகவுந்தான். நல்லவனுக்கு மட்டும் உரிமை என்றால், நல்லவன் யார் என்று தீர்மானிப்பவன் சர்க்கார் சேவகனே ஆவான்.

மற்றொரு குறையும் உண்டு. சொந்த வீட்டில் சுதந்திரம் பேசிய இங்கிலாந்து, பிறர் வீட்டில் அதை மறந்தது. விசாரணையின்றி ஒருவரைச் சிறை வைக்க 1818இல் வங்காளத்தில் ஒரு ரெகுலேஷன் செய்தது. ஒருவன் பிறருக்குத் தீங்கு செய்வதைத் தடுப்பதற்கன்றி அவனைக் கட்டாயப்படுத்தச் சமூகத்துக்கு உரிமையில்லை என்று 1859இல் எழுதிய ஜான் ஸ்டூவர்ட் மில், கிழக்கிந்தியக் கும்பெனியில் 35 வருஷம் உத்தியோகம் பார்த்தவர். பக்குவம் பெறாத ஜனங்களுக்கு இக்கொள்கை பொருந்தாது என்று அந்நூலிலேயே ஒரு விலக்கும் வைத்தார்! 1826இன் சாசனத்தோடு ஆங்கிலச் சட்டம் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய ஊர்களுக்கு வந்தது. 1948இல் அவசரகால விதிகளும் வந்தன. வாரண்டின்றிச் சோதிக்கவும் விசாரணையின்றிக் காவலில் வைக்கவும் அவை இடந்தந்தன. விசாரணையற்ற காவலுக்கு இடமளித்து மலாயாவில் 1960இல் பிறந்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் 2012இல்தான் ரத்தாயிற்று.

சர்க்காரே வேண்டாம் என்று நாம் கூறவில்லை. பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும், கூலியை ஏய்ப்பவனைத் தண்டிக்கும் சட்டமும் ஏழைக்கு அவசியம். கலகக்காரனையும் கொலைகாரனையும் பிடிக்க வேண்டியதும் கடமையே. ஆனால் பிடிக்கும்போது பெயர் வேண்டும், காரணம் வேண்டும், விசாரணை வேண்டும். இம்மூன்றும் குற்றவாளிக்குக் காட்டும் சலுகையன்று. குற்றமற்றவனுக்குக் கட்டிய வேலி.

தோட்டத்து லயத்தில் வாழ்ந்த நம்மவருக்கு வீடு என்பது தோட்டத்துக்குச் சொந்தமான அறையே. வேலை போனால் வீடும் போகும். ஆதலால், என் வீடு, என் காகிதம், என் எண்ணம் என்று நிமிர்ந்து சொல்லும் பழக்கம் நம்மிடம் வளரவில்லை. அப்பழக்கம் இனி வளர வேண்டும். கதவைத் தட்டுபவரிடம், "ஐயா, எந்தச் சட்டப்படி?" என்று மரியாதையாகவும் அச்சமின்றியும் கேட்க ஒவ்வொரு தொழிலாளியும் தன் பிள்ளைக்குக் கற்பிப்பானாக. வாரம் ஒரு கினி கூலி வாங்கிய ஓர் ஏழை கேட்ட கேள்வி அதுவேயாகும்.