சென்னை அலுவலக இடச் சந்தை

சென்னையில் வாடகைக்கு விடப்படும் பெரிய அலுவலகக் கட்டடங்களில் பெரும்பாலானவை 2000-க்குப் பிறகு எழுந்தவை. அதற்கு முன் அலுவலக வட்டாரம் என்றால் அண்ணா சாலையும் நுங்கம்பாக்கமும் மயிலாப்பூரின் டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலையும்தான். 1959-இல் திறக்கப்பட்ட எல்.ஐ.சி. கட்டடம் அந்தக் காலத்தின் அடையாளம். அங்கே மனைகள் சிறியவை, வாகனம் நிறுத்த இடம் குறைவு. தமிழக அரசு நிறுவனங்களான டிட்கோவும் எல்காட்டும் சேர்ந்து தரமணியில் அமைத்த டைடல் பூங்கா 2000-இல் திறக்கப்பட்டதும் சந்தை தெற்கே நகர்ந்தது. பெருங்குடி, துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர், சிறுசேரி எனப் பழைய மகாபலிபுரம் சாலை நெடுக ஐ.டி. வளாகங்கள் வந்தன. மேற்கே கிண்டியும் மணப்பாக்கமும் தனிச் சந்தையாக வளர்ந்தன.

கட்டி முடிக்கப்பட்ட மொத்தப் பரப்பில் ஆளில்லாமல் கிடக்கும் பரப்பு எத்தனை சதவீதம் என்பதே காலியிட விகிதம். நிறுவனங்கள் தங்களுக்கென்றே கட்டிக்கொண்ட வளாகங்கள் பொதுவாக இக்கணக்கில் சேர்வதில்லை. எந்தக் கட்டடத்தைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதில் சொத்து ஆலோசனை நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று வேறுபடுவதால், ஒரே காலாண்டுக்கு இரண்டு விகிதங்கள் வெளிவருவது வழக்கம். குத்தகை அளவையும் கவனித்தே படிக்க வேண்டும். பெருங்குடியில் ஒரு லட்சம் சதுர அடியைக் காலி செய்த நிறுவனம் தரமணியில் அதே அளவை எடுத்தால், மொத்தக் குத்தகை ஒரு லட்சம் கூடும். நிகரக் கணக்கில் கூடுதல் எதுவும் இல்லை. நகரம் வளர்கிறதா என்பதைச் சொல்வது நிகரக் கணக்குதான்.

ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஒன்பது ஆண்டுகளுக்குப் போடப்படுகின்றன. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை வாடகை சுமார் 15 சதவீதம் உயரும். முதல் மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் ‘லாக்-இன்’ காலம்; அதற்குள் வாடகைதாரர் வெளியேறினால் மீதிக் காலத்துக்கான வாடகையைத் தர வேண்டும். பல மாத வாடகை முன்பணமாகப் பெறப்படுகிறது. உள் அலங்கார வேலை நடக்கும் சில மாதங்களுக்கு வாடகை இருக்காது. வாடகை கணக்கிடப்படுவது மாடிப்படி, லிஃப்ட், வரவேற்புக்கூடம் ஆகியவற்றின் பங்கையும் சேர்த்த பரப்புக்கு. மேசை போடக்கூடிய பரப்பு அதில் ஏறக்குறைய 70 சதவீதம். பராமரிப்புக் கட்டணமும் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் தனி. முதன்முறை இடம் தேடும் சிறு நிறுவனங்கள் சதுர அடி வாடகையை மட்டும் ஒப்பிட்டு ஏமாறுவது இங்கேதான்.

இச்சந்தையின் காலியிடத்தைப் புரிந்துகொள்ளச் சிறப்புப் பொருளாதார மண்டலங்களைப் பார்க்க வேண்டும். 2005-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த வருமான வரிச் சலுகையை நம்பி மணப்பாக்கத்திலும் பழைய மகாபலிபுரம் சாலையிலும் லட்சக்கணக்கான சதுர அடிகள் கட்டப்பட்டன. 2020 மார்ச்சுடன் புதிய அலகுகளுக்கு அச்சலுகை முடிந்தது. அதே மாதம் கொரோனா ஊரடங்கும் வந்தது. ஊழியர்கள் வீட்டிலிருந்து வேலை பார்க்க, நிறுவனங்கள் தளங்களைத் திருப்பித் தந்தன. பின்னர் தேவை மீண்டபோதும் மண்டலத் தளங்கள் உடனே நிரம்பவில்லை. சலுகை போய்விட்டது, சுங்கக் கட்டுப்பாடுகள் மட்டும் நீடித்தன. ஏற்றுமதி செய்யாத நிறுவனத்துக்கு அத்தளங்களை வாடகைக்கு விடவும் முடியவில்லை. ஆக, இடம் தேடுவோரும் வெற்றுத் தளங்களும் ஒரே சாலையில் இருந்தும் ஒன்று சேரவில்லை. காலியிடம் என்றாலே தேவைக்குறைவு என்று கொள்வது தவறு என்பதற்கு இது தெளிவான சான்று. 2023 டிசம்பரில் விதிகள் திருத்தப்பட்டன. பெற்ற வரிச் சலுகைகளைத் திருப்பிச் செலுத்திவிட்டு, முழுத் தளங்களாகப் பிரித்து வெளியாருக்கு விட வழி பிறந்தது.

அண்மை ஆண்டுகளில் பன்னாட்டு நிறுவனங்களின் திறன் மையங்களும், மேசைக்கணக்கில் இடம் தரும் பகிர்வு அலுவலகங்களும் தேவையின் முக்கியப் பகுதியாகிவிட்டன. இவர்களும் எல்லா இடங்களையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை. புறநகர் ரயிலும் மெட்ரோவும் உள்ள கிண்டி, பறக்கும் ரயில் நிலையம் உள்ள தரமணி ஆகியவற்றில் நல்ல கட்டடங்கள் விரைவில் நிரம்புகின்றன. சோழிங்கநல்லூரைத் தாண்டினால் வாடகை குறைவு. ஆனால் பேருந்தையும் நிறுவன வண்டியையுமே நம்ப வேண்டியிருப்பதால் காலியிடம் நெடுநாள் நிற்கும். இரண்டாம் கட்ட மெட்ரோவில் மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை திட்டமிடப்பட்டுள்ள 45 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தடம் இந்தத் தென்பகுதி வழியாகத்தான் செல்கிறது.