ஏடும் வித்தும்: மாத்தளையின் சேமிப்பு மரபு பற்றிய ஒரு நோக்கு

ஏடுகளைக் காப்பது கற்றோர் தொழில் எனவும் வித்துக்களைக் காப்பது உழவர் தொழில் எனவும் வேறுபடுத்திக் காண்பதே பெரும்பான்மை வழக்கு. மாத்தளை மாவட்டத்தின் வரலாற்றை நோக்குமிடத்து, இவ்விரண்டும் இழப்பு பற்றிய ஒரே அச்சத்தினின்றும் பிறந்தவை என்பது புலனாகும்.

மாத்தளை நகருக்கு வடக்கே அண்மையில் அமைந்துள்ளது அலுவிகாரை. கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபயனின் ஆட்சிக் காலத்தில், அதுவரை வாய்மொழியாகப் பேணப்பட்ட திரிபிடகம் ஏட்டில் எழுதப்பட்டது. மகாவம்சம் இந்நிகழ்ச்சியைக் கூறுகின்றதேயன்றி இடத்தைக் குறிப்பிடவில்லை. அலுவிகாரையே அவ்விடம் என்பது பிற்கால நூல்கள் வழிவந்த மரபாகும். அக்காலத்துப் பெரும் பஞ்சத்தில் பிக்குகள் பலர் மாண்டனர். மகாநித்தேசம் என்னும் நூலை முற்றாக அறிந்தவர் ஒருவரே எஞ்சினார் என உரைநூல் கூறும். ஒருவரிடம் மட்டும் உள்ள செல்வம் அவரோடு மறையும் என்பதே அப்பஞ்சம் கற்பித்த பாடம் எனலாம்.

அவ்வாறு எழுதுதற்கு உதவிய ஓலையும் ஒரு தாவரத்தின் கொடையே. தாளிப்பனையின் விரியாத குருத்தோலையை அவித்து, உலர்த்தி, மெருகிட்டு ஏடாக்குவர். இம்மரம் பல பதிற்றாண்டுகள் வளர்ந்து, வாழ்நாளில் ஒருமுறை மட்டுமே பூத்துக் காய்த்து மடிவது. அவ்வொரு பருவத்தில் வித்தெடுத்து நடாதுவிடின் நாளைய ஏட்டுக்கு ஓலையில்லை. நூலகம் தோட்டத்தை நம்பியிருந்தமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

வித்துக்களைக் காக்கும் அறிவும் இப்பகுதியில் பழமையானது. மாத்தளையை உள்ளடக்கிய கண்டி இராச்சியத்தில் 1660 முதல் 1679 வரை சிறையிருந்த ரொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலில், மூன்று மாதம் முதல் ஏழு மாதம் வரையில் விளையும் நெல்வகைகளை விவரிக்கின்றார். கிடைக்கக்கூடிய நீரின் அளவை மதித்தே உழவர் வித்தைத் தெரிந்தனர். பெரும்போகம், சிறுபோகம் ஆகிய இரு பருவங்களுக்கும் ஏற்ப இவ்வறிவு பயன்பட்டது. வீட்டுத் தோட்டத்திலும் திரட்சியான காய்களை முற்றவிட்டு, வித்தை உலர்த்திச் சாம்பல் கலந்து, அடுப்பின் மேற்பரணில் வைப்பது வழக்கம். ஈரம் குறையக் குறைய வித்தின் ஆயுள் நீளும் என்னும் அறிவியல் உண்மைக்கு இது இயைந்ததே. பலா, சாதிக்காய், கொக்கோ ஆகியவற்றின் வித்துக்களோ உலர்ந்தால் உயிரிழப்பவை. இவற்றைப் பொறுத்தவரையில் தோட்டமே களஞ்சியமாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பி இந்நிலையை மாற்றியது. மலைச்சரிவுகள் ஒரே பயிருக்கு உரியவாயின. 1869இல் இலங்கையில் காணப்பட்ட இலைத்துரு நோய் சில பத்தாண்டுகளில் அப்பயிரை வீழ்த்தியது. தம்புள்ளை வழியாகக் கால்நடையாய் மாத்தளை வந்த தமிழ்த் தொழிலாளர், அவ்வீழ்ச்சியின் சுமையைத் தாங்கியோருள் முதன்மையானோர். லயன் அறைகளின் ஓரத்திலே அவர்கள் அவரையும் பாகலும் பயிரிட்டனர். எனினும் அந்நிலம் அவர்களுடையதன்று. 1948ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமையைப் பறித்தது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் வழியே பல குடும்பங்கள் இந்தியா சென்றன. 2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கிய பின்னரும், காணியுரிமை பலருக்கு எட்டாததாகவே உள்ளது. அடுத்த போகத்தில் நிலம் இருக்குமா என அறியாதவர் வித்தைச் சேமிப்பது எங்ஙனம்?

கன்னொறுவையில் 1988இல் நிறுவப்பட்ட தாவர மரபுவள நிலையம் வித்துக்களைக் குளிரிற் பாதுகாத்து வருகின்றது. அது இன்றியமையாத பணியே. ஆயினும் வித்துக்களை ஆண்டுதோறும் கைமாற்றி வளர்க்கும் இடமன்று. கலிபோர்னியாவின் றிச்மண்ட் நகரப் பொது நூலகத்தில் 2010இல் தொடங்கிய வித்து நூலகம் வேறொரு வழியைக் காட்டுகின்றது. வாசகர் வித்தை எடுத்துச் சென்று விதைத்து, விளைச்சலிலிருந்து புதிய வித்துக்களைத் திரும்ப அளிக்கலாம். காணியற்றோரும் தொட்டியில் ஒரு கத்தரிச்செடியை வளர்த்து இதிற் பங்குகொள்ள இயலும். மாத்தளையின் சிற்றூர் நூலகங்களுக்கு இது பொருந்தும், செலவும் பெரிதன்று.

ஏடு படியெடுக்கப்படாதபோது செல்லரிக்கின்றது. வித்து விதைக்கப்படாதபோது முளைதிறன் இழக்கின்றது. பூட்டி வைப்பது மட்டும் காப்பாகாது. பலர் கைகளிற் புழங்குவதே காப்பு. ஈராயிரம் ஆண்டுகட்கு முன் பஞ்சம் உணர்த்திய இவ்வுண்மையை, ஏட்டுக்கு ஏற்ற மாத்தளை வித்துக்கும் ஏற்குமாயின் அதுவே அம்மரபுக்குச் செய்யும் சிறப்பாகும்.