டார்ச் வைத்த போன் பிறந்த கதை

“யாருக்கு சார், அப்பாவுக்கா?”

சென்னைப் புறநகரான பொத்தேரியில் ஒரு செல்போன் கடை. பட்டன் போன் ஒன்று வேண்டும் என்று கேட்டேன், கடைக்காரத் தம்பியிடமிருந்து வந்த பதில் கேள்வி இது. எனக்குத்தான் என்றேன். நம்பாமல் ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கவுன்டருக்கு அடியிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை எடுத்து வைத்தார். டப்பாவைப் பிரித்ததும் முதலில் செய்தது, உச்சியில் இருந்த விளக்கை எரியவிட்டுக் காட்டியதுதான். “டார்ச் நல்லா அடிக்கும் சார்.” போன் பேசுமா என்பது அதற்கு அப்புறம்!

நமக்கு அது விசித்திரமாகப் படுவதில்லை. போன் என்றால் டார்ச் இருக்க வேண்டும். ஆனால் தொலைபேசிக்கும் கைவிளக்குக்கும் அப்படி என்ன பிறவி உறவு? அதற்கு ஒரு கதை இருக்கிறது.

இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31 அன்று நடந்தது. மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு கொல்கத்தாவிலிருந்து டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். அந்தக் காலத்தில் நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை கட்டணம். நாம் கூப்பிட்டால் மட்டுமல்ல, நம்மை யாராவது கூப்பிட்டாலும் காசு நம் கையிலிருந்துதான் போகும். மணி அடித்தால் எடுக்க யோசிக்க வேண்டிய கருவியைக் கொத்தனாரும் பூக்காரம்மாவும் எதற்கு வாங்கப் போகிறார்கள்?

2003 மே மாதம் அந்த வழக்கம் மாறியது. கூப்பிடுகிறவர் காசு கொடுத்தால் போதும், வரும் அழைப்பு இலவசம் என்று ஆனது. மிஸ்டு கால் என்கிற நம் மகத்தான கலாசாரம் தழைத்தது அதன் பிறகுதான். ஒரு ரிங் என்றால் வந்து சேர்ந்துவிட்டேன், இரண்டு ரிங் என்றால் நீ கூப்பிடு. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தனி இலக்கணம். பத்து ரூபாய் ரீசார்ஜில் மாதத்தை ஓட்டியவர்களை எனக்குத் தெரியும்.

அதே 2003 ஆகஸ்டில் நோக்கியா 1100 அறிவிக்கப்பட்டது. அதை வரைந்தவர் மிக்கி மெஹாஞ்சிஸ்கி என்கிற பல்கேரிய-அமெரிக்கர். வரைந்த இடம் கலிபோர்னியாவில் இருந்த நோக்கியாவின் வடிவமைப்பு மையம். ஆனால் அந்தப் போனைக் கையில் வைத்திருந்தவர்களுக்கு அது எங்கோ தாம்பரம் பக்கத்தில் ரூம் போட்டு யோசித்ததைப் போலத்தான் இருந்திருக்கும். பட்டன்களுக்கு நடுவே இடுக்கே கிடையாது. மேலே முழுவதும் ஒரே ரப்பர் விரிப்பு. கட்டடம் கட்டும் இடத்துச் சிமென்டுத் தூசி உள்ளே போகாது. பக்கவாட்டில் சொரசொரப்பு, வியர்த்த கையிலிருந்து வழுக்காது. சி பட்டனை அழுத்திப் பிடித்தால் உச்சியில் விளக்கு. கேமரா இல்லை, கலர் இல்லை. போனின் நினைவில் 50 பெயர்கள் சேமிக்கலாம். எடை 86 கிராம். மின்சாரம் வந்து வந்து போகும் ஊர்களை, மழையும் வேர்வையும் பிசுபிசுக்கும் ஊர்களைப் பார்த்துவிட்டு வந்து செய்த பொருள் அது. இந்தியாவுக்காகவே செய்தது என்று சொல்லித்தான் இங்கே விளம்பரமும் செய்தார்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஸ்மார்ட்போனில் இருப்பதை எல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றி எறிந்தால் மிஞ்சுவது பட்டன் போன் என்று இன்றைக்கு நினைக்கிறோம். பிறப்பைப் பார்த்தால் அப்படி இல்லை. இதிலிருந்து எதையும் யாரும் குறைக்கவில்லை. சேர்த்தார்கள். டார்ச்சைச் சேர்த்தார்கள், தூசிக்கு மூடி போட்டார்கள், பிடிமானம் வைத்தார்கள்.

நோக்கியா 1100 விற்றது 25 கோடிக்கும் மேல். நோக்கியா விற்ற நூறு கோடியாவது போன் 2005இல் நைஜீரியாவில் வாங்கப்பட்டது. அதுவும் ஒரு 1100தான்.

அடுத்த ஆண்டே கதை நம் வாசலுக்கு வந்துவிட்டது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை ஓட ஆரம்பித்தது. பொத்தேரியிலிருந்து சிங்கபெருமாள்கோயில் போய், ஒரகடம் வழியாகத் திரும்பினால் ஸ்ரீபெரும்புதூர். பிளஸ் டூ முடித்த பெண்கள் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பது விடிகாலையில் வழக்கமான காட்சியாக இருந்தது. பல கோடிப் போன்கள் அங்கே பூட்டப்பட்டுப் பெட்டிக்குள் போயின. பெரும்பாலும் இந்த மலிவு விலை பட்டன் போன்கள்தான்.

நடுவில் ஒரு கூத்து. 2007 ஆகஸ்டில், பிஎல்-5சி என்கிற பேட்டரியில் ஒரு தொகுதி சூடேறலாம் என்று நோக்கியா அறிவித்தது. உலகம் முழுக்க 4.6 கோடி பேட்டரிகள். அவரவர் போனின் முதுகைத் திறந்து பேட்டரியின் நம்பரைப் பார்த்தோம். அந்தப் போன்கள் எல்லாம் குப்பைக்குப் போய்விட்டன. பிஎல்-5சி மட்டும் சாகவில்லை. கடைகளில் விற்கும் சின்ன எஃப்.எம். பெட்டியைத் திறந்து பாருங்கள், அநேகமாக உள்ளே அந்த அளவு பேட்டரிதான் படுத்திருக்கும்.

டார்ச் எதற்கு என்று 2012இல் யாரும் கேட்டிருக்க முடியாது. சென்னை நகரத்துக்கே தினமும் இரண்டு மணி நேரம் மின்வெட்டு. நகர எல்லை தாண்டி இந்தப் பக்கம் இன்னும் அதிகம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் மாடி வரைக்கும் தண்ணீர். கரண்ட் பல நாள் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், டச் போன்கள் மறுநாளே கண்ணை மூடிவிட்டன. பாட்டியின் பட்டன் போனில் மட்டும் சார்ஜ் இருந்தது. சிக்னல் வந்து வந்து போனது. வந்த நேரத்தில் அந்தத் தெருவே அந்த ஒரு போனில்தான் ஊருக்குத் தகவல் சொன்னது.

அதற்குள் இப்படிப்பட்ட போன்களைச் செய்த ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலையே மூடப்பட்டிருந்தது. 2013இல் வரித் தகராறு முளைத்தது. நோக்கியா தன் போன் வியாபாரத்தை மைக்ரோசாஃப்டுக்கு விற்றபோது இந்த ஆலையைக் கைமாற்ற முடியவில்லை. 2014 நவம்பர் 1 முதல் உற்பத்தி நின்றது. அடையாள அட்டைகளோடு பஸ்ஸுக்கு நின்றவர்கள் வேறு வேலை தேடிப் போனார்கள்.

இப்போது வெளிநாட்டில் இதே எளிமைக்கு மவுசு. நியூயார்க்கில் இரண்டு பேர் சேர்ந்து லைட் போன் என்று ஒன்றை 2017இல் வெளியிட்டார்கள். ஏறக்குறைய கிரெடிட் கார்டு அளவு, பேசத்தான் முடியும். சுவிட்சர்லாந்தின் புங்க்ட் நிறுவனமும் அதே போல் ஒன்று விற்கிறது. கவனச்சிதறலிலிருந்து விடுதலை என்று விளம்பரம். எங்கள் அபார்ட்மென்ட் வாட்ச்மேன் அண்ணனிடம் அதைச் சொன்னேன். அவர் இருபது வருஷமாகப் பட்டன் போன்காரர். “விடுதலையா? டச் போன் வாங்கக் காசு இல்ல சார்” என்றார்.

எனக்கும் அவருக்கும் கையில் இருப்பது ஒரே போன்தான், என்றாலும் என்னுடையது ஆசை, அவருடையது நிலைமை. இதை ஒப்புக்கொள்ளாமல் எளிமையைப் பற்றி எழுதுவது அசிங்கம். நான் ஆறு மாதமாக இதை வைத்திருக்கிறேன். பொத்தேரி ஸ்டேஷனில் போனில் டிக்கெட் எடுத்துவிட்டு எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகப் பிள்ளைகள் விறுவிறுவென்று போகிறார்கள். நான் கவுன்டர் வரிசையில் நிற்கிறேன். ஷேர் ஆட்டோவுக்குச் சில்லறை தேடுகிறேன். பட்டன் போனிலும் பணம் அனுப்ப 2022 மார்ச்சில் யுபிஐ 123பே வந்தது. எங்கள் காய்கறிக் கடை அக்கா அதை இன்னும் நம்பவில்லை, பணத்தைக் கையில் கொடு என்கிறார். ஓடிபி எஸ்எம்எஸ்ஸில் வந்துவிடும், அது பரவாயில்லை. பிள்ளையின் பள்ளி அறிவிப்பு, தண்ணீர் லாரி வரும் நேரம், கேஸ் புக்கிங் எல்லாம் வருவது என் மனைவியின் டச் போனுக்கு. என் நிம்மதியின் பாதிப் பாரத்தை அவள் சுமக்கிறாள். அதை அவள் சொல்லிக் காட்டவும் செய்கிறாள்.

ஆனாலும் ராத்திரி ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, வண்டலூரும் ஊரப்பாக்கமும் கூடுவாஞ்சேரியும் ஒவ்வொன்றாக வந்து போவதைப் பார்க்கிறேன். அந்த அளவுக்கு எனக்கு லாபம்.

ஸ்ரீபெரும்புதூர் ஆலை ஐந்து வருஷம் பூட்டிக் கிடந்தது. 2019இல் அதை வாங்கிக்கொள்வதாகச் சால்காம்ப் என்ற நிறுவனம் அறிவித்தது. அதன் வேலை, ஸ்மார்ட்போன்களுக்குச் சார்ஜர் செய்வது.