பியானோ தங்காத கரையில் வயலின்

போன மாசம் எங்கட இசை கேட்கும் கூடலில ஒரு பழைய பதிவைப் போட்டம். பிரிட்ஸ் கிரைஸ்லர் வயலின், பிரான்ஸ் ருப் பியானோ. பீத்தோவன் எழுதிய பத்து வயலின் சொனாட்டாக்களையும் 1935, 36 ஆண்டுகளில் லண்டனில் இவர்கள் இருவரும் பதிவு செய்தார்கள். பத்தையும் முழுமையாக ஒரே சோடி பதிந்தது அதுதான் முதல் தடவை. இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் நாலைந்து நிமிசம் மட்டுமே கொள்ளும் காலம் அது. பாதியில் நிறுத்தி, தட்டை மாற்றி, விட்ட இடத்தில் இருந்து திரும்பவும் அதே மனநிலையோடு தொடங்கியிருக்கிறார்கள். கேட்டு முடிய ஒரு தோழி சொன்னாள்: "வயலினுக்குச் சோடி பியானோ எண்டு ஆர் சொன்னது? எங்கட ஊரில அதுக்குச் சோடி றபான் தானே." எல்லாரும் சிரிச்சம். மறுகா யோசிச்சுப் பார்த்தால் சிரிக்கிற விசயமில்லை எண்டு பட்டது. இந்தக் கட்டுரை அதில இருந்து வந்தது.

மட்டக்களப்பில் வயலினுக்கு இரண்டு இருப்பு உண்டு. ஒன்று எல்லாருக்கும் தெரிந்தது: கோயில் திருவிழாக் கச்சேரியிலும், கல்லடியில் உள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் சப்பாணி கட்டி இருந்து, வயலினின் தலையைக் கால் கரண்டையில் ஊன்றி வாசிக்கும் கர்நாடக வயலின். மற்றது பறங்கியர் கலியாண வீட்டில் கேட்பது. அங்கே வயலினும் றபானும், இருந்தால் ஒரு மண்டலினும், பிந்திய காலத்தில் கிற்றாரும். ஆட்டம் கஃப்ரிஞ்ஞா, லான்சஸ். எங்களில் சிலர் சின்ன வயசில பக்கத்து வீட்டுச் சடங்குகளில இதை மதிலுக்கு மேலால எட்டிப் பார்த்தவர்கள். அது ஒரு வரலாறு எண்டு அப்போது ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. பறங்கியரின்ர கூத்து எண்டுதான் சொன்னார்கள்.

இந்த இரண்டு வயலினும் வந்த பாதை வேறு. கர்நாடக இசைக்குள் வயலின் நுழைந்தது சென்னைப் பக்கம், ஆங்கிலேயரின் காலத்தில். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786-1858) ஐரோப்பிய வாத்தியக்காரர் ஒருவரிடம் கற்றுக்கொண்டார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவுக்குத் திருவிதாங்கூர் அரசர் சுவாதித் திருநாள் தந்தத்தால் ஆன வயலின் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார். தமிழில் வழங்கிய 'பிடில்' என்ற சொல்லே ஆங்கிலத்தில் இருந்து வந்ததுதான். ஆனால் சிங்களத்தில் வயலினுக்கு ஒரு பழைய பெயர் இருக்கு: ரவிகிஞ்ஞ. அது போர்த்துக்கேயச் சொல்லான 'ரபெக்கிஞ்ஞா'வின் திரிபு, சின்ன ரபெக்கா எண்டு பொருள். அதாவது வில் போட்டு வாசிக்கும் கருவி ஆங்கிலேயரைக் காத்துக்கொண்டு இருக்காமல், அவர்களுக்கு முன்னமே இந்தத் தீவுக்கு வந்து பெயரும் வாங்கிவிட்டது. வாங்கு, துவாய், பாண், சப்பாத்து, அலுமாரி எண்டு நாங்கள் தினம் புழங்கும் சொற்கள் வந்த அதே கப்பல் பாதை.

போர்த்துக்கேயர் புளியந்தீவில் கோட்டை கட்டியது 1620களில். 1638 இல் ஒல்லாந்தர் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனோடு சேர்ந்து அதைப் பிடித்தார்கள். கணக்குப் பார்த்தால் இந்த வாவிக்கரையில் போர்த்துக்கேய ஆட்சி நிலைத்தது இருபது வருசம் கூட இல்லை. ஒல்லாந்தர் கத்தோலிக்க மதத்தை ஒடுக்கினார்கள், ஆங்கிலேயர் தங்கட மொழியைக் கொண்டுவந்தார்கள், சுற்றிவர முழுக்கத் தமிழ். அப்படி இருந்தும் போர்த்துக்கேயக் கிரியோல் மொழியும் அதன் பாட்டும் இங்கே இன்றுவரை மிஞ்சியிருக்கு. படையும் அரசும் போன பிறகு அந்த மொழியைத் தச்சரும் கொல்லரும் தையல்காரரும் வீட்டுக்குள் வைத்திருந்தார்கள்.

பறங்கியரில் பலர் தச்சுத் தொழிலாளர் என்பது வயலினின் கதைக்கு முக்கியம். வெக்கையும் ஈரமும் மாறி மாறி அடிக்கும் கரையில் வயலினின் பசை இளகிப் பலகை வாய்பிளக்கும். அது பெரிய நட்டமில்லை. மரவேலை தெரிந்தவர் பிரித்துத் துடைத்துத் திரும்ப ஒட்டிவிடுவார். குதிரையைப் புதுசாகச் சீவலாம், உள்ளே நிற்கும் சின்னக் கட்டையை நிமிர்த்தலாம். பியானோவுக்கு இது நடக்காது. இருநூறுக்கு மேற்பட்ட உருக்குக் கம்பிகள், அவற்றை இழுத்துப் பிடிக்க இரும்புச் சட்டம், கம்பியை அடிக்கும் கம்பளிச் சுத்தியல்கள். உப்புக்காத்தில் கம்பி துருப்பிடிக்கும், கம்பளியைப் பூச்சி தின்னும், ஈரத்தில் கட்டைகள் ஊதிச் சிக்கும். ஐரோப்பியக் கொம்பனிகள் வெப்பநாடுகளுக்கெண்டே பசையை மட்டும் நம்பாமல் பித்தளைத் திருகாணி போட்டுப் பியானோ செய்தது சும்மா இல்லை. அதைச் சுருதி சேர்க்கத் தனி ஆள் வேணும், வைக்க அறை வேணும், அதுக்கெல்லாம் காசு வேணும். ஐரோப்பாவில் வயலின்-பியானோ சொனாட்டா வளர்ந்தது அப்படி அறையும் காசும் இருந்த வீடுகளில். வரவேற்பறை இல்லாத வீட்டில் வயலின் முற்றத்துக்கு வந்து, காவிக்கொண்டு நடக்கக்கூடிய றபானோடு சேர்ந்துகொண்டது. பியானோ இல்லாதது ஒரு குறை எண்டு நாங்கள் சொல்ல வரவில்லை. சோடியை முடிவு செய்தது ரசனை மட்டுமில்லை, காத்தும் காசும் கூடத்தான்.

இன்னொன்று. சொனாட்டாவில் வயலின் தொடக்கத்திலேயே தலைவன் இல்லை. பீத்தோவனின் முதல் மூன்று சொனாட்டாக்கள் (படைப்பு எண் 12) அச்சானபோது முகப்பில் பியானோதான் முன்னுக்கு, வயலின் அதோடு கூட வருவது. கர்நாடகக் கச்சேரியிலும் வயலின் பெரும்பாலும் பக்கவாத்தியம், பாடுபவரின் நிழல். பறங்கியர் முற்றத்தில் மெட்டை எடுத்துக் கொடுப்பதே வயலின். ஆடுகிறவரின் கால் அதைப் பார்த்துத்தான் திரும்பும். மூன்றில் எது உயர்வு எண்டு நாங்கள் பட்டியல் போட வரவில்லை. ஆனால் எங்கட ஊரில் வயலினுக்கு எங்கே கூடின மரியாதை, எங்கே கூடின வேலை எண்டு யோசிக்க இது உதவும்.

கஃப்ரிஞ்ஞா என்ற பெயரையும் விட்டுவிட்டுப் போக ஏலாது. 'காப்பிரி' என்ற சொல்லோடு போர்த்துக்கேயச் சின்னமாக்கும் விகுதி சேர்ந்தது அது. போர்த்துக்கேயர் படையாட்களாகவும் அடிமைகளாகவும் கொண்டுவந்த ஆபிரிக்கரின் தாளம் அந்தப் பெயருக்குள் இருக்கு. அந்த ஆறெட்டு நடையில் இருந்துதான் 1940களில் பொலிஸ்காரரான வொலி பஸ்தியன் சிங்களப் பைலாவை உருவாக்கினார். ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி'க்கு ஆடாத தமிழ்க் கலியாண வீடு இருக்கா? பீத்தோவனின் பெயர்பெற்ற 'குரோய்ட்சர்' சொனாட்டாவையும் முதலில், 1803 மே மாசம் வியன்னாவில், பீத்தோவனோடு சேர்ந்து வாசித்தவர் ஜோர்ஜ் பிரிட்ஜ்டவர். ஆபிரிக்க வம்சாவளித் தந்தைக்குப் பிறந்த வயலின் கலைஞர். பிறகு இருவருக்கும் மனஸ்தாபம் வந்து, காணிக்கை குரோய்ட்சர் என்பவருக்குப் போனது. அவர் அதை மேடையில் வாசித்ததே இல்லையாம். அங்கே பெயரை அழித்தார்கள். இங்கே பெயர் மிஞ்சியது, ஆட்கள் யாரெண்டு மறந்து போனது.

இனிப் பதிவுக்கு வருவம். எங்களுக்கு உண்மையில் உறுத்துவது இதுதான்.

மட்டக்களப்புப் போர்த்துக்கேயப் பாடல்களை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சேகரித்து வைத்தவர் ஆங்கிலேயச் சிவில் அதிகாரி ஹியூ நெவில். அந்தக் கையெழுத்துப் படி பிரித்தானிய நூலகத்தில் இருக்கு. அதை வைத்து கே. டேவிட் ஜாக்சன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1990 இல் ஒரு முழு நூலே எழுதினார். 1900 இல் டல்காடோ என்ற கோவாப் பாதிரியார் லிஸ்பனில் இலங்கைக் கிரியோல் பற்றி நூல் வெளியிட்டார். 1970களில் இயன் சிமித் என்ற மொழியியலாளர் மட்டக்களப்புக்கு வந்து பேச்சைப் பதிந்து, அதன் ஒலியமைப்பைப் பற்றி ஆய்வுப் பட்டம் பெற்றார். எல்லாம் பெரிய வேலைகள், குறை சொல்லக் கூடாது. ஆனால் ஒரு கோலம் தெரியுது: வந்தவர்கள் அநேகமாகச் சொல்லைத் தேடி வந்தவர்கள். நாலடிப் பாட்டு கடதாசியில் ஏறியது. அதை இழுத்துக்கொண்டு போன வயலின் கடதாசியில் ஒட்டவில்லை. சி. எம். பெர்னாண்டோ 1894 இல் இலங்கை இசை பற்றி எழுதிய கட்டுரையில் கஃப்ரிஞ்ஞா மெட்டுகளுக்குச் சுரக்குறிப்புக் கொடுத்தது ஒரு விதிவிலக்கு.

ஒலியாகவே வெளிவந்தது பிந்தித்தான். ஜாக்சன் பதிந்தவை 1998 இல் போர்த்துக்கலில் 'ஒலிகளின் பயணம்' என்ற இறுவட்டு வரிசையில் ஒன்றாக வந்தன. 2010களின் பிற்பாதியில் லிஸ்பன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹியூகோ கார்டோசோவும், மகேஷ் ராதாகிருஷ்ணனும் மற்றவர்களும் இங்கே வந்து பேச்சோடு பாட்டையும் ஆட்டத்தையும் காணொளியாகவே பதிந்து, அழியும் மொழிகளுக்கான ஆவணக் காப்பகத்தில் சேர்த்தார்கள். அதில் வயலின்காரரின் கையும் வில்லும் தெரியுது. பார்க்கச் சந்தோசம்தான். ஆனாலும் வயலின் அந்தக் காப்பகத்துக்குள் போக மொழி சாகக் கிடக்க வேண்டியிருந்தது. இசை எண்டு சொல்லி அதுக்குக் கதவு திறக்கவில்லை.

இதுக்கிடையில வாவி மீனுக்கும் மைக் கிடைச்சது. கல்லடிப் பாலத்தடியில் பாடுமீன் சத்தத்தை யேசு சபைக் குருவான லாங் அடிகளார் பதிந்தார், இலங்கை வானொலி அதை ஒலிபரப்பியது. மீன்பாடும் தேனாடு எண்டு நாங்கள் பெருமைப்படுவதில் பிழையில்லை. கரையில வாசிச்ச மனிசரையும் சேர்த்துப் பெருமைப்பட்டிருக்கலாம்.

இந்தக் கரையில் இசை ஆய்வு நடக்காமல் இல்லை. காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகளார் வழக்கொழிந்துபோன யாழைப் பழந்தமிழ் நூல்களில் இருந்து தோண்டி எடுத்து 1947 இல் 'யாழ் நூல்' தந்தார். அடுத்த மாசமே காலமானார். இல்லாத கருவியையே கணக்குப் போட்டு மீட்ட ஊர் இது. கண்ணுக்கு முன்னால் இருந்த கருவியின் மெட்டுகளை ஒரு கொப்பியில் எழுதி வைக்க எங்களுக்குத் தோன்றவில்லை. அது அடிகளாரின் குறை இல்லை. அவருக்குப் பிறகு வந்த எங்கட குறை.

யுத்த காலத்தில் பறங்கியர் பலர் அவுஸ்திரேலியாவுக்குப் போனார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமி டச்பாரில் பறங்கிக் குடும்பங்கள் பலதை அப்படியே கொண்டு போனது. போனவர்களோடு எத்தனை மெட்டுப் போனது எண்டு எண்ண ஆளில்லை.

கூடலுக்குப் பிறகு, எங்களில் ஒருத்தருக்குத் தெரிந்த ஒரு பறங்கிப் பெரியவரின் வீட்டுக்குப் போனம். தச்சுவேலை செய்தவர். அங்கிள் எண்டுதான் எல்லாரும் கூப்பிடுவம். வயலினை அலுமாரிக்கு மேலால, துவாயில சுத்தி வைத்திருந்தார். பின்பலகையில் அவரே ஒட்டுப் போட்ட தடம். "வாசிச்சுக் கனகாலம் மக்கள், கை வராது" எண்டவர், வில்லுக்குப் பிசின் தேய்ச்ச பிறகு நிறுத்தவில்லை. இரண்டு மெட்டு. போனில் பதிந்தம், பதினொரு நிமிசம்.

பாட்டின் சொல்லைக் கேட்டம். "சொல் அம்மாட்ட இருந்தது. எனக்கு மெட்டுத்தான் தெரியும்" எண்டார்.

நெவிலின் படியில் அந்தச் சொல் இருக்கக் கூடும். எந்தப் பாட்டு எண்டு பொருத்திப் பார்க்க அவருக்குக் கிரியோல் வாசிக்கத் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. அவரின் தங்கச்சிக்குப் பேச வருமாம், திருகோணமலையில் இருக்கிறா. நூலின் சில பக்கங்களைப் படமெடுத்து வாசித்துக் காட்டலாம் எண்டு பேசியிருக்கிறம்.

வெளிக்கிடேக்குள்ள அங்கிள் ஒன்று மட்டும் கேட்டார். முதல் தந்தி அறுந்து கிடக்கு, மூன்று தந்தியிலதான் வாசிச்சவர். ரவுனுக்குப் போனால் ஒரு தந்தி வாங்கிக்கொண்டு வரச் சொன்னார். வாங்கியாச்சு. சனிக்கிழமை போறம்.