வசனத்தை வெட்டியது யார்? தமிழ் வேதாகமங்களின் வேறுபாடுகள்

வெலிமடைப் பகுதித் தோட்டங்களில் ஒரே லயத்தில் கத்தோலிக்கரும் பெந்தெகொஸ்தே சபையினரும் அடுத்தடுத்து வசிக்கிறார்கள். ஒரு வீட்டில் 'பரிசுத்த வேதாகமம்', பக்கத்து வீட்டில் 'திருவிவிலியம்'. "ஒங்க பைபிள்ல வசனத்த வெட்டிட்டாங்க" என்ற குற்றச்சாட்டை அங்கே பல தடவை கேட்டிருக்கிறேன். கலியாணப் பேச்சுக்கூட இதனால் கசந்ததுண்டு. உண்மையில் யாராவது வெட்டினார்களா?

இரண்டு மூலங்கள்

புதிய ஏற்பாடு கிரேக்கத்தில் எழுதப்பட்டது. மூலப் பிரதி எதுவும் இன்று இல்லை; கையால் எழுதிய படிகளே உள்ளன. 1516இல் எராஸ்மஸ் அச்சிட்ட கிரேக்கப் பதிப்பு, அவருக்குக் கிடைத்த பிற்காலப் படிகள் சிலவற்றை நம்பியது. அந்த மரபில் வந்த வாசகங்களையே 1871இல் வெளியான போவர் மொழிபெயர்ப்பில் காண்கிறோம். நம் சபைகள் பலவற்றில் இன்றும் வாசிக்கப்படுவது அதுதான்.

சினாய், வத்திக்கான் படிகள் 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. இவை போன்ற பழைய படிகள் 19ஆம் நூற்றாண்டில்தான் பரவலாக ஆராயப்பட்டன. கத்தோலிக்கரும் ஏனைய சபையினரும் சேர்ந்து உருவாக்கி 1995இல் வெளியிட்ட திருவிவிலியம் இந்த ஆய்வுகளையும் கணக்கில் எடுத்தது.

சர்ச்சைக்குரிய இடங்கள்

மத்தேயு 17:21: ஜெபமும் உபவாசமும் பற்றிய வசனம். பழைய படிகளில் இல்லை. வசன எண்கள் 1551இல் இடப்பட்டவை என்பதால், வசனத்தை விடும் பதிப்புகளில் 20க்குப் பின் 22 வருகிறது.

மாற்கு 16:9-20: மேற்சொன்ன இரு படிகளும் 8ஆம் வசனத்தோடு முடிகின்றன.

யோவான் 7:53-8:11: விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் கதை. பழைய படிகளில் இல்லை. ஆனாலும் பெரும்பாலான பதிப்புகள் குறிப்புடன் வைத்திருக்கின்றன.

1 யோவான் 5:7: பரலோகத்தில் சாட்சியிடும் மூவர் பற்றிய வரி. எராஸ்மஸின் முதல் பதிப்பிலேயே இல்லை, 1522இல் சேர்த்தார்.

ஏசாயா 7:14இன் சிக்கல் வேறு. பழைய மொழிபெயர்ப்பில் 'கன்னிகை', திருவிவிலியத்தில் 'இளம்பெண்'. எபிரேயச் சொல் இளம்பெண்ணைக் குறிப்பது. கிரேக்க மொழிபெயர்ப்பு அதைக் கன்னி என்றது.

இது ஏன் முக்கியம்?

1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போய், அங்கே போரில் உறவுகளை இழந்த குடும்பங்கள் உண்டு. காணாமல் போன மகனுக்காக ஜெபிக்கும் தாயிடம் "உபவாசம் போதவில்லை" என்று சொல்பவர், தான் காட்டும் மத்தேயு 17:21இன் நிலையை அறிந்திருக்க வேண்டும். பாம்பும் நஞ்சும் சேதம் செய்யாது என்பதும், கைவைத்தால் நோயாளி சுகமடைவார் என்பதும் மாற்கு 16:18இல் வருகின்றன. அதைக் காட்டி, பாம்பு கடித்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் வைத்திருப்பது உயிரோடு விளையாடுவது.

இந்த வசனங்கள் இல்லாததால் நம்பிக்கை குலைவதில்லை. உபவாசம் மத்தேயு 6:16-18இலும், பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மத்தேயு 28:19இலும் எல்லாப் பதிப்புகளிலும் இருக்கின்றன. அடுத்த வீட்டு வேதாகமத்தைக் குறை சொல்லுமுன் அதன் அடிக்குறிப்பை ஒருமுறை வாசியுங்கள். வசனம் ஏன் அங்கே இல்லை என்பது பெரும்பாலும் அதில்தான் எழுதியிருக்கும்.